சைக்கிள் சீட்டில் மரத்துப்போகிறது: பழகிவிடும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. சில மாதங்களாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். விடுமுறை நாட்களில் 40 கிலோமீட்டர் வரை போவேன். அரை மணி நேரம் தாண்டியதும் ஆணுறுப்பும் அதற்குக் கீழே உள்ள பகுதியும் மரத்துப்போகின்றன. இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் சென்ற மாதம் ஒருநாள் நீண்ட தூரம் போய்வந்த பிறகு மாலை வரை உணர்ச்சி திரும்பவில்லை. உடன் ஓட்டுகிறவர்கள் "போகப்போகப் பழகிவிடும்" என்கிறார்கள். தடிமனான ஜெல் கவர் வாங்கிப் போட்டேன். இப்போது முன்னைவிடச் சீக்கிரமே மரத்துப்போகிறது. கால் நன்றாக நீள வேண்டும் என்று ஒருவர் சொன்னதால் சீட்டையும் ஏற்றிவைத்திருக்கிறேன். என்னோடு ஓட்டும் மனைவிக்கு மரத்துப்போவதில்லை. ஆனால் முன்பக்கம் உராய்ந்து வீக்கமும் எரிச்சலும் வருகின்றன. இருவருக்கும் ஒரே மாதிரி சீட்தான். சைக்கிளை விட்டுவிட வேண்டுமா? ஆண்மைக்குறைவு வந்துவிடுமா? யாரிடம் கேட்பது என்று கூச்சமாக இருக்கிறது. பெயர் வேண்டாம்.

பதில்: கூச்சத்தை ஒதுக்கிவைத்து எழுதியதற்கு முதலில் நன்றி. பிசியோதெரபிஸ்டாக, சைக்கிள் ஓட்டுபவர்களின் உடல்வாகுக்கு ஏற்ப வண்டியைச் சரிசெய்து கொடுப்பதும் என் வேலையின் ஒரு பகுதி. முழங்கால் வலி, முதுகுவலி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலர், கிளம்பும் நேரத்தில்தான் தயங்கித் தயங்கி இதைச் சொல்வார்கள்.

சைக்கிளை விட வேண்டாம். ஆனால் "பழகிவிடும்" என்று நண்பர்கள் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அவர்கள் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். புதிதாக ஓட்ட ஆரம்பிக்கும்போது பிட்டத்தின் அடியில் இரண்டு பக்கமும் எலும்பு படும் இடத்தில் வலிக்கும். அது உண்மையிலேயே பழகும். இரண்டு மூன்று வாரம் சிறிது தூரமாக, விட்டு விட்டு ஓட்டினால் அந்த இடத்துத் திசு எடை தாங்கப் பழகி, வலி அடங்கிவிடும். மரத்துப்போவது அப்படிப்பட்டதல்ல. நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குகின்றன என்பதற்கு அடையாளம் அது. நசுங்குவதற்கு நரம்பு பழகாது. எலும்பில் வலித்தால் பொறுத்துப் பார்க்கலாம், மரத்துப்போனால் அன்றே காரணத்தைத் தேட வேண்டும். இந்த ஒன்றை உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள், அவர்களிலும் சிலர் வெளியே சொல்லாமல் சகித்துக்கொண்டிருக்கக்கூடும்.

உள்ளே நடப்பது இதுதான். கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து, பிட்டத்துக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் முண்டு முண்டாக இடுப்பெலும்பின் அடிமுனைகள் தட்டுப்படும். உட்காரும்போது எடையைத் தாங்க வேண்டியவை இவைதான். இவற்றுக்கு நடுவே, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் இருப்பது மென்மையான பகுதி. பிறப்புறுப்புக்கு உணர்ச்சி தருகிற புடெண்டல் நரம்பும், ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் இடுப்பெலும்பின் உள்விளிம்பை ஒட்டி வந்து இந்த வழியாகத்தான் முன்னே போகின்றன. எடை எலும்பில் நிற்காமல் இந்த நடுப்பகுதிக்கு இறங்கினால், எலும்புக்கும் சீட்டுக்கும் இடையில் அவை மாட்டிக்கொள்ளும். நாற்காலியில் இந்தப் பிரச்சினை இல்லை. சைக்கிளில் முன்னால் குனிகிறோம், இடுப்பு முன்பக்கம் உருள்கிறது, எடை எலும்பிலிருந்து நழுவி, சீட்டின் முன்னால் குறுகி நீளும் மூக்குப் பகுதிக்குப் போகிறது.

ஜெல் கவர் போட்டதும் ஏன் மோசமானது என்பதும் இதிலிருந்தே புரியும். அளவுக்கு மீறி மெத்தென்று இருக்கும் சீட்டில் எலும்பு முனைகள் அமிழ்ந்துவிடும். அவை கீழே இறங்க இறங்க, நடுவில் இருக்கும் ஜெல் மேலே பிதுங்கி அந்த மென்மையான பகுதியையே அழுத்தும். கையால் அமுக்கிப் பார்த்து "ஆகா, பஞ்சு மாதிரி இருக்கிறது" என்று வாங்குகிற சீட், பத்து நிமிடப் பயணத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு உதவாது. இன்றே அந்தக் கவரைக் கழற்றிவிடுங்கள். எலும்பைத் தாங்குகிற அளவுக்கு உறுதியும், உங்கள் எலும்புக்குப் பொருந்துகிற அகலமும்தான் சீட்டில் பார்க்க வேண்டியவை.

அகலத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். அட்டைப்பெட்டியிலிருந்து, உள்ளே அலை அலையாக மடிப்பு இருக்கும் அட்டை ஒரு துண்டு வெட்டி, மெத்தை இல்லாத கெட்டியான ஸ்டூலின் மேல் வையுங்கள். மெல்லிய ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு அதன்மேல் உட்காருங்கள். தொடையைவிட முட்டி சற்று உயர்ந்து நிற்கும்படி கால்களை ஒரு சிறு பலகை மேல் வைத்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் முன்னால் குனியுங்கள். ஸ்டூலின் விளிம்புகளைக் கையால் பிடித்து உடலைக் கீழே இழுத்து, அரை நிமிடம் அப்படியே இருந்துவிட்டு நேராக எழுந்திருங்கள். நகர்ந்து எழுந்தால் தடம் கலைந்துவிடும். அட்டையில் இரண்டு பள்ளம் தெரியும். கண்ணுக்குச் சரியாகப் படாவிட்டால் விரலால் தடவினால் கிடைத்துவிடும். ஒவ்வொன்றிலும் மிக ஆழமான இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

அந்த அளவோடு 20 முதல் 30 மில்லிமீட்டர் சேர்த்தால் சீட்டின் அகலம் ஏறக்குறைய கிடைக்கும். 115 வந்தால் 135 முதல் 145 மில்லிமீட்டர் வரை. நன்றாகக் குனிந்து ஓட்டுபவர் குறைவாகச் சேர்க்கலாம், நிமிர்ந்து ஓட்டுபவர் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஏன் சேர்க்கிறோம் என்றால், சீட்டின் ஓரங்கள் வளைந்து இறங்குவதால் அங்கே எலும்பு நிற்காது. சீட் குறுகலாக இருந்தால் இரண்டு எலும்பும் ஓரங்களில் வழுக்கி, நடுப்பகுதி மீது உட்கார்ந்துவிடுவீர்கள். தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் உள்தொடை உராயும். ஆளின் உயரத்தையோ எடையையோ வைத்து இந்த அளவைச் சொல்ல முடியாது. பருமனாக இருப்பவருக்குக் குறுகிய அளவும் ஒல்லியானவருக்கு அகலமான அளவும் வருவதுண்டு. நடுவில் நீளமாகப் பள்ளமோ திறப்போ உள்ள சீட்களும் கிடைக்கின்றன. உங்கள் தொந்தரவுக்கு அவை நல்ல தேர்வு. ஆனால் அகலம் பொருந்திய பிறகுதான் திறப்பு. அகலம் தவறிய சீட்டில் திறப்பின் விளிம்பே அழுத்த ஆரம்பிக்கும்.

சரி, புதுச் சீட் தேடிப் போவதற்கு முன், இருக்கிற சீட்டைச் சரியாக வைத்துப் பார்ப்போம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் சந்தேகம் முதலில் போனது உயரத்தின் மேல்தான். கால் நன்றாக நீள வேண்டும் என்பது பாதி உண்மை. சீட் ஒரு சென்டிமீட்டர் அதிகமாகிவிட்டாலும், பெடல் கீழே போகும் ஒவ்வொரு முறையும் கால் எட்டாமல் இடுப்பு அந்தப் பக்கம் சாயும். வலது, இடது, வலது, இடது என்று நிமிடத்துக்கு 80 சுற்று சுற்றினால், அந்த மென்மையான பகுதி சீட்டின் மூக்கின் மேல் 160 தடவை அரைபடுகிறது. இதை உங்களாலேயே உணர முடியாது. சமதளச் சாலையில், உங்களுக்குப் பின்னால் வருகிற யாராவது போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுக்கட்டும். ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டியை மட்டும் பாருங்கள். அது தராசுத் தட்டுபோல் மாறி மாறி இறங்கினால் சீட் உயரம் என்று அர்த்தம்.

சரியான உயரத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடலை ஆக அடியில் வைத்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். முட்டி சரியாக நேராக வேண்டும். அதற்காக இடுப்பைச் சாய்க்கவும் கூடாது. ஓட்டும்போது குதிகாலுக்குப் பதில் பாதத்தின் முன்பகுதி பெடலில் இருப்பதால் முட்டியில் 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு கிடைக்கும். அதுதான் வேண்டியது. கணக்கு பிடிக்குமென்றால் இன்னொரு வழி: செருப்பில்லாமல் சுவரோடு சேர்ந்து நின்று, கவட்டையிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்குங்கள். பெடல் கம்பிகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய நீளம் அது. 80 சென்டிமீட்டருக்கு 70.6 வரும். இதுவும் தொடக்கப் புள்ளிதான். இடுப்பு ஆடுகிறதா என்று வீடியோவில் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு.

அடுத்தது சாய்வு. சீட்டின் மூக்கு ஒரு துளி மேலே தூக்கியிருந்தாலும் முன்பக்கம் நசுங்கும். தட்டையான புத்தகம் ஒன்றைச் சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்து, அதன்மேல் போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியை வைத்தால் சாய்வு தெரிந்துவிடும். முதலில் சமமாக வையுங்கள். அதற்கும் மரத்துப்போனால் மூக்கை ஒரு டிகிரி கீழே இறக்குங்கள், பிறகு இரண்டு. மூன்றைத் தாண்டினால் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். தாங்குவதற்குக் கைகளை ஊன்றுவீர்கள். அப்புறம் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பிக்கும்.

ஹேண்டில்பார் எட்டாமல் எட்டிப் பிடிப்பவர்களுக்கும் இதே தொந்தரவு வரும். கைகளை நீட்ட நீட்ட இடுப்பு முன்னால் உருளும். முழங்கை லேசாக மடிந்திருக்கும்படி ஹேண்டில்பாரைக் கிட்டே கொண்டுவந்து, சீட்டின் மட்டத்துக்கு அல்லது அதற்கும் சற்று மேலே உயர்த்திக்கொள்ளுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். பந்தயத்துக்குப் போகவில்லையே, குறையட்டும்.

ஒன்று முக்கியம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். திருகுகளை அவிழ்ப்பதற்கு முன், இப்போதைய உயரத்தைச் சீட் கம்பியில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். உயரத்தைச் சரிசெய்து இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு சாய்வைத் தொடுங்கள். மொத்தமாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஓட்டுகிற முறையிலும் கொஞ்சம் மாற வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, மரத்துப்போகக் காத்திருக்காமல், பெடலில் எழுந்து நின்று பதினைந்து இருபது விநாடி ஓட்டுங்கள். நசுங்கிய குழாய்களில் ரத்தம் திரும்ப ஓட அந்த நேரம் உதவும். ஏற்றம் வந்தாலும் வேகத்தடை வந்தாலும் எழுந்திருங்கள். வெறுமனே உருட்டிக்கொண்டு போவதைவிட அழுத்தி மிதிக்கும்போது சீட்டின் மேல் சுமை குறையும். கால்கள் எடையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் நிதானமாக ஓட்டும் புதியவர்களுக்கு, வேகமாக ஓட்டும் அனுபவசாலிகளைவிட உட்காருமிடம் அதிகமாகத் தொந்தரவு தருகிறது. வீட்டுக்குள் ட்ரெய்னர் என்ற தாங்கியில் வண்டியைப் பொருத்தி ஓட்டுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே வண்டி அசையாது, மேடு பள்ளம் கிடையாது, எழுந்திருக்கவே தோன்றாது. போனில் அலாரம் வைத்துக்கொண்டாவது எழுந்திருங்கள்.

இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. 2018-இல் யூராலஜி என்ற சிறுநீர்ப்பாதை மருத்துவத் துறையின் இதழ் ஒன்றில், பல நாடுகளைச் சேர்ந்த சைக்கிள் ஓட்டுபவர்களை நீச்சல்காரர்களோடும் ஓட்டக்காரர்களோடும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. ஓட்டும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எழுந்து நிற்பவர்களிடமும், ஹேண்டில்பாரைச் சீட்டுக்குச் சமமாகவோ மேலாகவோ வைத்திருந்தவர்களிடமும் மரத்துப்போவது குறைவாக இருந்தது. உங்கள் பெரிய பயத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. சைக்கிள் ஓட்டுகிற ஆண்களின் பாலுறவுத் திறன் மற்ற இரு பிரிவினரைவிட மோசமாக இல்லை. ஆனால் மரத்துப்போவது அவர்களிடம் அதிகம். எனவே சைக்கிள் ஓட்டினாலே ஆண்மை போய்விடும் என்பது சரியல்ல. அதேசமயம், மாதக்கணக்கில் மரத்துப்போவதைச் சகித்துக்கொண்டு ஓட்டுவதற்கு இதை அனுமதியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நையோஷ் என்ற அரசு நிறுவனம், சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களிடம் ஒரு சோதனை நடத்தியது. 2008-இல் முடிவு வெளியானது. வழக்கமான சீட்டை எடுத்துவிட்டு மூக்கே இல்லாத சீட்டை ஆறு மாதம் பயன்படுத்தச் செய்தார்கள். முந்தைய ஆறு மாதத்தில் ஓட்டும்போது மரத்துப்போகவில்லை என்று சொன்னவர்கள், தொடக்கத்தில் 27 சதவீதம்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர்கள் 82 சதவீதம். அந்தரங்கப் பகுதியில் சீட்டின் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. தொடு உணர்ச்சியும் மேம்பட்டிருந்தது. எனவே நான் சொன்ன மாற்றங்கள் எல்லாம் செய்தும் தீராவிட்டால் மூக்கில்லாத சீட்டுக்கு மாறுங்கள். முதல் சில நாட்கள் வண்டியைத் திருப்புவது வித்தியாசமாக இருக்கும், தொடைகளால் சீட்டைப் பிடித்து வண்டியைக் கட்டுப்படுத்தும் பழக்கம் போய்விடுவதால். போக்குவரத்து இல்லாத இடத்தில் ஓட்டிப் பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள். பார்வைக்கு விநோதமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

உங்கள் மனைவியின் தொந்தரவைத் தனியாகப் பார்க்க வேண்டும். "இருவருக்கும் ஒரே மாதிரி சீட்தான்" என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பெண்களுக்கு அந்த எலும்பு முனைகள் பொதுவாக அதிக இடைவெளியில் இருக்கும். உங்களுக்கு ஒருவேளை பொருந்தும் சீட் அவருக்குக் குறுகலாகி, எடை முழுவதும் பெண்ணுறுப்பின் இதழ்கள் மேல் இறங்கியிருக்கும். அவரையும் அதே அட்டையில் உட்கார வைத்து அளந்து, அவருக்கென்று தனிச் சீட் வாங்குங்கள். நடுவில் திறப்புள்ளது பெரும்பாலும் உதவும், திறப்பின் விளிம்பு அறுப்பதுபோல் உணர்ந்தால் மென்மையான பள்ளம் மட்டும் உள்ளதைப் பார்க்கலாம். வீக்கம் முழுவதும் வடிகிற வரை அவர் ஓட்ட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வீக்கம் நிலைத்துவிட்டாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ மகப்பேறு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டால் அந்தத் திசு நிரந்தரமாகத் தடித்துவிடக்கூடும்.

உடை பற்றி நீங்கள் எழுதவில்லை. பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போடுகிறீர்கள் என்றால் உள்ளே ஜட்டி போடாதீர்கள், இருவருமே. அந்தத் தையல்தான் முதலில் தோலை அறுக்கும். நீண்ட தூரத்துக்கு, உராய்வைக் குறைக்கும் கிரீமை உராயும் இடங்களில் தடவிக்கொள்ளலாம். வீடு வந்ததும் ஈரமான ஷார்ட்ஸோடு உட்கார்ந்திருக்காமல் உடனே கழற்றி, குளித்து, உலர்த்துங்கள். துவைக்காமல் இரண்டாம் தடவை போடவே கூடாது. முடியை மழிப்பதும் நல்லதல்ல, வளரும் முடி தோலுக்குள் சுருண்டு கொப்புளமாகும். கொப்புளம் வந்தால் பிதுக்காமல், ஆறும் வரை வண்டியை நிறுத்திவையுங்கள்.

இனி, எப்போது மருத்துவரைப் பார்ப்பது? அன்று மாலை வரை உணர்ச்சி திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் ஓட்டாமல் இருங்கள். அதற்குள் ஜெல் கவரைக் கழற்றி, சீட்டின் உயரத்தைச் சரிசெய்துவிடலாம். மறுபடி தொடங்கும்போது இருபது நிமிடத்திலிருந்து தொடங்கி, மரத்துப்போகாமல் இருந்தால் மட்டும் வாரத்துக்குச் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். ஓட்டும் வழியில் மரத்துப்போக ஆரம்பித்தால் அங்கேயே இறங்கி, உணர்ச்சி முழுவதும் திரும்பும் வரை நடங்கள். ஓட்டாத நாட்களிலும் மரத்திருந்தாலோ, விறைப்பில் மாற்றம் தெரிந்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ தடையோ இருந்தாலோ, உட்கார்ந்தால் மட்டும் அந்தரங்கப் பகுதியில் சுரீர் என்று வலித்தாலோ யூராலஜிஸ்டைப் பாருங்கள். "சைக்கிள் ஓட்டுகிறேன், மரத்துப்போகிறது" என்ற ஒரு வாக்கியம் போதும், மீதியை அவரே கேட்பார். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரமாகப் போக வேண்டும், அவர்களுடைய நரம்புகள் ஏற்கெனவே பலவீனமாக இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இது சீட்டால் வருவதல்ல. முதுகுவலியோடு, இரண்டு தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி போய், சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ, கால்கள் பலவீனமாகவோ ஆனால், முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கொத்து நசுங்கிக்கொண்டிருக்கலாம். சைக்கிளைப் பழி சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காமல் அந்த மணி நேரத்திலேயே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளில் அப்படி எதுவும் இல்லை. ஜெல் கவரைக் கழற்றி, சீட்டை இறக்குங்கள். மறுபடி ஓட்டத் தொடங்கும்போது வீடியோ எடுத்துப் பாருங்கள். இரண்டு வார ஓய்வுக்குப் பிறகு ஒரு மாதம் ஓட்டியும் மரத்துப்போவது நிற்கவில்லை என்றால், அட்டையில் கிடைத்த அளவு, சீட்டின் அகலம், கவட்டை உயரம், இப்போதைய சீட் உயரம் ஆகிய நான்கையும் குறித்து மீண்டும் எழுதுங்கள். உங்கள் மனைவியின் அளவுகளையும் சேர்த்து அனுப்பினால் அவருக்கும் பார்த்துச் சொல்கிறேன்.